உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

போலந்து நாட்டின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்குப் போய்வந்ததையும், அதன் படிக்கட்டுகளையும், உள்ளே இருக்கிற உப்புத் தேவாலயத்தையும் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பயணத் திட்டத்தோடு கேட்டவர்கள், பயத்தோடு கேட்டவர்கள், தங்கள் வீட்டுச் சுரங்கக் கதையைச் சொல்லி அழவைத்தவர்கள் என்று பல பேர். அதனால் இந்த இதழ் முழுக்க சுரங்கம்தான்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நானும் மனைவியும் அவனிடம் போகிறோம், அப்படியே போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் இரண்டு நாள் தங்கலாம் என்று திட்டம். அதில் ஒரு நாளை இந்தச் சுரங்கத்துக்குக் கொடுப்பது வீணாகிவிடுமா?
— கோயம்புத்தூர் வாசகர்

தாராளமாகக் கொடுங்கள். முழு நாள்கூடத் தேவைப்படாது, ஒரு அரை நாள் போதும். வியெலிச்கா கிராக்கோவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். கிராக்கோவ் பெரிய ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் போய்விடும், கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே சுரங்க வாசலுக்குப் போகலாம். டாக்ஸி தேவையே இல்லை.

தனியாக உள்ளே சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும், ஆங்கிலக் குழுவுக்கு என்று தனி நேரங்கள் உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் நெரியும் என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். காலை முதல் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், கூட்டம் சேருவதற்கு முன் அந்த மரப்படிகளில் நம் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிற சில நிமிடங்கள் கிடைக்கும், அது பிற்பகலில் கிடைக்காது.

மேலே வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே 17, 18 டிகிரிதான். ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ போடுங்கள், மூன்றரை கிலோமீட்டர் நடை, இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அப்புறம் ஒரு விஷயம்: இறங்குவதற்கு முன் மேலேயே கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

என் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. படிக்கட்டு நிறைய என்று எழுதியிருந்தீர்கள். அழைத்துப் போகலாமா, ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?
— திருச்சி வாசகி

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்கள் கையில். முதல் தளம் 64 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அங்கே இறங்கவே 380 மரப்படிகள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம் இருந்துகொண்டே இருக்கும், சுற்றுலாப் பாதையின் அடி 135 மீட்டர் ஆழம், மொத்தம் 800 படிக்கு மேல். பெரும்பாலும் இறங்குகிற படிகள்தான், திரும்பி வர லிஃப்ட் உண்டு. ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பது உங்கள் அம்மாவுக்கே தெரியும்.

ஹோட்டலில் விட வேண்டியதில்லை. நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் லிஃப்டிலேயே இறக்கி, பாதையின் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆனாலும் நூறு மீட்டர் ஆழத்தில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு உப்பு மண்டபத்தைப் பார்ப்பது, அவரை அறையில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மூன்றரை கிலோமீட்டர் நடப்பதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

லிஃப்டுக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டும். சுரங்கம் என்றால் இடிந்து விழாதா? காற்று இருக்குமா?
— சேலம் வாசகர்

பாதையின் பெரும்பகுதி நிமிர்ந்து நடக்கிற அகலமான வழி, இடையிடையே கோயில் மண்டபம் போலப் பெரிய பெரிய அறைகள், எங்கும் விளக்கு. நாலு கால்களில் தவழ்ந்து போகிற இடம் எதுவும் வராது. காற்றோட்டத்துக்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்கு அதே 135 மீட்டர் ஆழத்தில் ஒரு சிகிச்சை மையமே நடக்கிறது என்றால் பாருங்களேன். உங்களுக்குச் சங்கடம் தரக்கூடியது கடைசியில் மேலே வருகிற லிஃப்ட்தான். சுரங்கத் தொழிலாளர்கள் ஏறுகிற மாதிரி கூண்டு, சிறியது, நெருக்கி நிற்க வேண்டும், இருட்டாக இருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியுமா என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

இடிந்து விழாதா என்ற கேள்விக்கு நடக்கும்போதே பதில் தெரியும். இரண்டு பக்கமும், தலைக்கு மேலும், அடுக்கடுக்காக முழு மரங்களைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காடே பூமிக்கடியில் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். உப்பு ஊறிய மரம் உளுத்துப் போவதில்லை, கல்லைப் போல இறுகிவிடுகிறது. பல இடங்களில் மரத்துக்கு வெள்ளையடித்திருப்பார்கள். சின்ன விளக்கின் வெளிச்சம் பட்டுத் தெறித்து இன்னும் கொஞ்ச தூரம் தெரியட்டும் என்று தொழிலாளர்கள் கண்டுபிடித்த வழி அது.

நீங்கள் பயப்படுவதில் தவறே இல்லை, அங்கே வேலை செய்தவர்களும் பயந்துதான் வேலை செய்தார்கள். மீத்தேன் வாயு தேங்கி நின்று ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். அதனால் சிலர் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு, நீண்ட கழியின் முனையில் தீப்பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாக ஊர்ந்து போய், கூரையடியில் தேங்கிய வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத் தீர்ப்பார்கள். ஊர்ந்து போகிற கோலத்தைப் பார்த்து அவர்களுக்குத் 'தவசிகள்' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள், பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறவர்கள் என்ற அர்த்தத்தில். அந்த வேலையைக் காட்டும் பொம்மைகள் வழியில் இருக்கின்றன. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

அந்தத் தேவாலயம் முழுக்க உப்பு என்பது நிஜமா? எந்த ராஜா கட்டினார்?
— மதுரை வாசகி

நிஜம்தான் அம்மா. ஆனால் ராஜா யாரும் கட்டவில்லை, அதுதான் இதில் முக்கியமான சங்கதி.

புனித கிங்கா தேவாலயம் 101 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீளம் 54 மீட்டர், அகலம் 18 மீட்டர், உயரம் 12 மீட்டர். உப்பை வெட்டி எடுத்துக் காலியான ஒரு பெரிய குழிதான் அது. 1896ல் அதைத் தேவாலயமாக மாற்றும் வேலை தொடங்கியது. செதுக்கியவர்கள் யூசெஃப் மார்க்கோவ்ஸ்கி, அவர் தம்பி தோமாஷ் மார்க்கோவ்ஸ்கி, அப்புறம் அன்டோனி விரோடெக். மூன்று பேரும் சுரங்கத் தொழிலாளர்கள். பெரிய கலைக் கல்லூரியிலிருந்து வந்த சிற்பிகள் இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்ந்து, கிட்டத்தட்ட 70 வருடம் இழுத்த வேலை.

பீடம் உப்பு, சிலைகள் உப்பு, சுவரில் இருக்கிற 'கடைசி விருந்து' புடைப்புச் சிற்பமும் உப்பு. தரையைப் பார்த்தால் டைல்ஸ் பதித்த மாதிரி இருக்கும், குனிந்து தொட்டுப் பார்த்தால்தான் அது ஒரே பாறையில் கீறிய கோடுகள் என்று தெரியும். மேலே தொங்குகிற சரவிளக்குகளில் மின்னுவதும் கண்ணாடி இல்லை, உப்புப் படிகம். அந்தக் 'கடைசி விருந்து' விரோடெக் செய்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லாத செதுக்கலில், அந்த அறை உள்ளே வெகுதூரம் போகிற மாதிரி காட்டியிருக்கிறார். நான் அதன் முன்னால் நின்று, பக்கவாட்டில் போய், திரும்ப நேராக வந்து பார்த்தேன், அப்படியும் என் கண் நம்பவில்லை.

கிங்கா யார் என்று கேட்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள், போலந்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டவள். சீதனமாகப் பொன் வேண்டாம், புகுந்த நாட்டு மக்களுக்கு உப்பு வேண்டும் என்று கேட்டாளாம். ஹங்கேரியில் தனக்குக் கொடுத்த உப்புச் சுரங்கத்தில் மோதிரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்தாளாம். இங்கே வந்து தோண்டச் சொன்னபோது முதலில் கிடைத்த உப்புக் கட்டியை உடைத்தால் அதற்குள் அந்த மோதிரம். இது கதை. ஆனால் அவள் காலத்தில்தான் இங்கே பாறை உப்பை வெட்டத் தொடங்கினார்கள் என்பது வரலாறு. அதற்கு முன் ஆயிரக்கணக்கான வருடமாக அந்தப் பக்கத்து மக்கள் உவர்நீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்து வந்தார்கள்.

ஒரு தேவாலயம் மட்டும் இல்லை, சிறிதும் பெரிதுமாகப் பல வழிபாட்டு அறைகள் உள்ளே இருக்கின்றன. காலையில் இறங்குகிறவனுக்குச் சாயங்காலம் ஏறுவோமா என்பது நிச்சயம் இல்லாத வேலை. வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் கும்பிட ஓரிடம் வேண்டும், அதற்காக மேலே ஏறி வர முடியாது, கீழேயே செய்துகொண்டார்கள், கையில் இருந்த பொருளைக் கொண்டு. நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் கடப்பாரை போடும் முன் ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் தடவிக் கும்பிடுவார்களே, அந்த மனசுதான். மூன்று பேர் கையில் உளியும் முன்னால் எழுபது வருடமும் இருந்ததால் அது இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது. எனக்கு அந்தத் தேவாலயத்தில் கண் கலங்கியது அழகுக்காக மட்டும் இல்லை.

சுவரை நக்கிப் பார்க்கலாமா? உப்பு என்றால் வெள்ளையாகத்தானே இருக்கணும், படத்தில் கறுப்பாக இருக்கிறதே?
— ஐந்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

நக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் உனக்கு முன்னால் எத்தனை பேர் நக்கினார்கள் என்று தெரியாது அல்லவா, அதனால் விரலால் தேய்த்து விரலை நாக்கில் வைத்துப் பார், அது போதும். நல்ல கரிப்பு! பாறை உப்பில் களிமண்ணும் வேறு தாதுக்களும் கலந்திருப்பதால் சாம்பல் நிறத்தில் கருங்கல் மாதிரி இருக்கிறது. சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் வருடத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது, அது வற்றிப்போய்த் தங்கிய உப்பு இது. உன் விரலில் ஒட்டுவது அந்தப் பழைய கடல்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உப்பளத்தில் வேலை பார்த்தது. பாத்தி கட்டி, வெயிலில் காயவைத்து, வாரிக் குவிப்போம். பாறையாகக் கிடக்கும் உப்பை அவர்கள் எப்படி எடுத்தார்கள்? அந்த உப்புக்கு அப்படி என்ன மதிப்பு?
— தூத்துக்குடி வாசகர்

உங்கள் கடிதம் வந்தபோது சந்தோஷமாக இருந்தது, இந்தச் சுரங்கத்தைப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. உங்களுக்கு வெயில் எப்படியோ அவர்களுக்கு இருட்டு அப்படி. உப்பு வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அங்கே கொழுப்பு விளக்கின் மங்கலில் நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெட்டினார்கள்.

மதிப்பு என்று கேட்டால், குளிர் நாட்டில் இறைச்சியும் மீனும் கெடாமல் வைக்க உப்பை விட்டால் வழியில்லை. கடலும் தூரம், உங்கள் ஊர் வெயிலும் கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கசிமிர் மன்னர் காலத்தில் போலந்து அரசுக் கஜானா வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உப்பிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதும் அதே மன்னர்தான். அந்த நகரத்தின் அழகான கட்டடங்களைப் பார்க்கும்போது அதற்கடியில் உப்பு வெட்டியவர்களின் முதுகு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

வெட்டும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். பாறையில் சுற்றிலும் பள்ளம் வெட்டி, ஆப்புகளை அடித்து, ஒரு பெரிய பாளமாகப் பிளந்து எடுப்பார்கள். அதைப் பீப்பாய் வடிவத்தில் உருளையாகச் செதுக்கிவிடுவார்கள். ஏனென்றால் உருளையை உருட்டிக்கொண்டு போகலாம், தூக்க வேண்டாம். உருண்டு வந்ததை மேலே இழுக்க மரத்தால் ஆன பெரிய ராட்டினங்கள். முதலில் மனிதர்கள் சுற்றினார்கள், அப்புறம் குதிரைகள் வந்தன.

அந்தக் குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கயிற்றில் தொட்டில் கட்டி, ஷாஃப்ட் என்கிற செங்குத்தான குழி வழியாகக் கீழே இறக்குவார்கள். பல குதிரைகள் வருடக்கணக்கில் அங்கேயே, பூமிக்கடியில் கட்டிய லாயத்திலேயே வாழ்ந்தன. செக்கு மாடு மாதிரி ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் வாழ்க்கை. கடைசிக் குதிரை பாஷ்கா, 2002ல்தான் மேலே வந்தது. 2002 என்றால் நம் வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம்! நான் அந்த ராட்டினத்தின் பக்கத்தில் நின்றபோது தரையைத்தான் பார்த்தேன். வட்டமாக ஒரே தடத்தில் எத்தனை வருடம்.

உப்பு வெட்டுவது 1996ல் நின்றுவிட்டது. வெளியே உப்பு மலிவு, உள்ளே தண்ணீர்ப் பிரச்சினை. ஆனாலும் சுரங்கத்துக்குள் கசிந்து வருகிற உவர்நீரைச் சேர்த்து மேலே கொண்டுவந்து காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள், அதாவது கடைசியில் உங்கள் வழிக்கே வந்துவிட்டார்கள்.

சுரங்கத்துக்குள் ஹோட்டல், கடை, கல்யாணம், கச்சேரி என்று எல்லாம் நடக்கிறதாமே. உழைத்துச் செத்தவர்களின் இடத்தை வியாபாரமாக்குவது சரியா?
— சென்னை வாசகர்

கேள்வி நியாயமானது. உள்ளே சாப்பாட்டுக்கடை இருக்கிறது, நினைவுப்பொருள் கடை இருக்கிறது, விருந்து மண்டபம் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை திருப்பலியும் நடக்கிறது, கல்யாணமும் நடக்கிறது. கல்யாணம் எனக்குத் தவறாகத் தெரியவில்லை, கும்பிடுவதற்காகச் செய்த இடத்தில் கும்பிடுகிறார்கள். கடைகளைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நானும் சாய்கிறேன், ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

உப்புக்குத் தண்ணீர்தான் எமன். மூடிவிட்டு வந்துவிட்டால் இந்தச் சுரங்கம் நிலைக்காது, கரைந்துவிடும். 1992ல் ஒரு பக்கச் சுரங்கவழியில் தண்ணீர் பீறிட்டு உள்ளே வந்தது, மேலே தரையும் அமிழ்ந்தது, பக்கத்தில் இருந்த மடாலயமும் ரயில் பாதையும்கூட பாதிக்கப்பட்டன. தண்ணீர் மட்டும் இல்லை, வெளியிலிருந்து வருகிற ஈரக் காற்றே போதும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த புனித அந்தோணியார் சிற்றாலயம் ஒன்று முதல் தளத்தில் இருக்கிறது, ஷாஃப்டிலிருந்து இறங்குகிற ஈரக்காற்று பட்டுப் பட்டு அங்கே உள்ள சிலைகளுக்கு மூக்கும் விரலும் கரைந்து, சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டன. 1978ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோதே இடம்பிடித்த பன்னிரண்டு இடங்களில் வியெலிச்கா ஒன்று. அப்படிப்பட்டது 1989ல் இந்த ஈரப்பதத்தாலேயே 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போனது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்களை வைத்த பிறகு 1998ல்தான் அதிலிருந்து நீக்கினார்கள்.

தண்ணீரை இறைக்க வேண்டும், காற்றை உலர்த்த வேண்டும், ஆபத்தான குழிகளை நிரப்ப வேண்டும், முட்டு மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் இன்றும் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலையில் இருக்கிறார்கள், நாம் கொடுக்கிற டிக்கெட் காசு அங்கே போகிறது. பார்க்க யாரும் வராவிட்டால் அந்தத் தவசிகளின் ஞாபகமும் சேர்ந்து கரைந்துவிடும்.

கூட்டமும் கடையும் பிடிக்காது என்றால் பொஹ்னியாவுக்குப் போங்கள். கிராக்கோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், அதுவும் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய உப்புச் சுரங்கம்தான், 2013ல் வியெலிச்காவோடு சேர்த்து யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. வியெலிச்காவிலேயே இருப்பதென்றால் ரெகிஸ் ஷாஃப்ட் வழியாக இறங்குகிற 'தொழிலாளர் பாதை' என்று ஒன்று இருக்கிறது. வேலை உடுப்பு, ஹெல்மெட், தலைவிளக்கு எல்லாம் மாட்டிவிட்டு, சின்னச் சின்ன வேலைகளைச் செய்யவைத்து அழைத்துப் போவார்கள். சரவிளக்குத் தேவாலயம் அந்தப் பாதையில் வராது. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

பொலிவியாவில் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குள் சுற்றுலா அழைத்துப் போகிறார்களாம். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
— பெங்களூரு வாசகர்

இது வேறு மாதிரி. வியெலிச்காவில் வேலை முடிந்துவிட்டது, போட்டோசியில் இன்னும் முடியவில்லை. செர்ரோ ரிக்கோ மலையில் 1545லிருந்து வெள்ளி எடுக்கிறார்கள், ஸ்பானியர்கள் உள்ளூர்ப் பழங்குடி மக்களைக் கட்டாயப்படுத்தி இறக்கி ஏராளமான பேரைப் பலிகொடுத்த மலை அது. இன்றும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ஆட்கள் உள்ளே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், நுரையீரலில் தூசு படிந்து இளவயதிலேயே சாகிறார்கள். அவர்கள் மூச்சிரைக்கத் தள்ளுவண்டி தள்ளும்போது நாம் ஓரமாக ஒதுங்கி நின்று வீடியோ எடுப்பதற்கு எனக்கு மனசு ஒப்பாது. பாதுகாப்பும் குறைவு, மலையின் உச்சியே உள்வாங்கிக்கொண்டிருக்கிறது, 2014லிருந்து யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. நகரமே 4,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முன்பு அங்கே வேலை பார்த்தவர்களே வழிகாட்டியாக இருக்கிற குழுவோடு போங்கள், உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நகரத்தில் பழைய நாணயச் சாலை அருங்காட்சியகமாக இருக்கிறது, அந்த வெள்ளி எங்கே போனது என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். நானாக இருந்தால் அதோடு திரும்பிவிடுவேன்.

என் பெரியப்பா கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். இப்போது 74 வயது, எங்களோடு இருக்கிறார். போலந்துக்கெல்லாம் போக எங்களுக்கு வசதியில்லை. கே.ஜி.எஃப்.புக்குப் போனால் சுரங்கத்தைப் பார்க்க முடியுமா? அவரையும் அழைத்துப் போகலாமா?
— வேலூர் வாசகர்

வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். முதலில் நேரடிப் பதில்: சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள், தண்ணீர் இறைப்பது நின்றது, ஷாஃப்ட்களில் தண்ணீர் ஏறிவிட்டது. வியெலிச்காவில் விடாமல் இறைத்துக் காப்பாற்றியதை இங்கே யாரும் காப்பாற்றவில்லை.

இத்தனைக்கும் நம்முடையது சாதாரணச் சுரங்கமா? 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 120 வருடம். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். இந்தச் சுரங்கத்துக்காகத்தான் 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், இந்தியாவின் பல பெரிய நகரங்களில் மின்விளக்கு எரியாத காலத்தில். அதே சுரங்கத்தில்தான் 1965ல் இந்திய விஞ்ஞானிகள் இருந்த குழு, காற்றுமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ துகளைக் கண்டறிந்தது. இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள், அதில் தலித் மக்கள் அதிகம். பாறை வெடிப்பில் செத்தவர்களும் பாறைத்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயில் இருமி இருமி ஓய்ந்தவர்களும் லயன் என்கிற வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள்தான்.

வேல்ஸ் நாட்டில் பிளேனாவன் என்ற ஊரில் பிக் பிட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1980ல் மூடினார்கள், 1983ல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். 90 மீட்டர் ஆழத்துக்கு அதே பழைய கூண்டில் இறக்குகிறார்கள். தீப்பொறி பயத்தால் கைக்கடிகாரம், ஃபோன் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கீழே போனதும் ஓரிடத்தில் எல்லோரும் தலைவிளக்கை அணைக்கச் சொல்வார்கள், கையைக் கண்ணுக்கு முன் வைத்தாலும் தெரியாத இருட்டு. வழிகாட்டுகிறவர்கள் சுரங்கத்தில் வேலை பார்த்த ஆட்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் அந்த இருட்டில் கதவைத் திறந்து மூட உட்கார்ந்திருந்ததை அந்த வழிகாட்டிகள் வாயால் கேட்கும்போது, புத்தகத்தில் படித்தது மாதிரி இருக்காது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறார். அதனால் போங்கள், அவரை அழைத்துக்கொண்டுதான் போங்கள். பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு நேராக ரயில் உண்டு, நீங்கள் வேலூரிலிருந்து வருவதால் பங்காருப்பேட்டையில் மாறிக்கொள்ளலாம். உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, லயன்கள், வெளியிலிருந்தே தெரிகிற ஷாஃப்ட் கோபுரங்கள், இதெல்லாம் பார்க்கலாம். வேலி போட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள், பழைய குழிகள் ஆபத்து. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு குவிந்து கிடக்கிற சயனைடு மேடுகளில் படம் எடுக்கிறேன் என்று ஏறாதீர்கள், காற்று அடிக்கிற நாளில் தூசு மூக்கில் ஏறும். பெரியப்பாவுக்கு இருமல் இருந்தால் மேட்டுப் பக்கமே கூட்டிப் போக வேண்டாம்.

அவரிடம் பொதுவாக "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்த சொல்ல" என்றுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். எந்த ஷாஃப்டில் இறங்கினார், கூண்டில் எத்தனை பேர், கீழே போய்ச் சேர எவ்வளவு நேரம், என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போவார், முதல் நாள் யார் கூடப் போனார், பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் பெயர் என்ன. ஃபோனில் பதிவு போட்டுச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள், முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அவர் அழுதால் அழட்டும், அவசரப்படுத்த வேண்டாம், திரும்பி வரும் வண்டி சாயங்காலமும் இருக்கிறது.

பங்காருப்பேட்டையில் வண்டி மாறும்போது மட்டும் ஜன்னலோர இடத்தை அவருக்குப் பிடித்துக் கொடுங்கள்.